ஒரு சீசா ஆற்று நீர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சார்லஸ் நதிக்குள் தவறி விழுந்தவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அந்த ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் நூறாண்டுக்கு மேலாக அதில் கலந்தன. 1950களில் கரையோரக் குளிக்கும் துறைகளை மூடினார்கள். 1966இல் ‘டர்ட்டி வாட்டர்’ என்ற ராக் பாடல் இந்த ஆற்றின் அழுக்கைச் சொல்லியே நாடெங்கும் பிரபலமானது.

அந்தப் பாட்டு பிரபலமாவதற்கு ஓராண்டு முன்பு, 1965இல், ஊர்க்காரர்கள் சேர்ந்து சார்லஸ் நதி நீர்ப்பிடிப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1972இல் வந்த அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம், நாட்டின் நீர்நிலைகளில் மீன் வாழ வேண்டும், மனிதர் நீந்த வேண்டும் என்பதை இலக்காக வைத்தது. நீந்துவது என்பது மிகக் கடுமையான அளவுகோல். நீந்துகிறவரின் கண், காது, மூக்கு, வாய் எல்லாவற்றிலும் நீர் புகும். படகில் போகிறவருக்குப் போதுமான சுத்தம் அவருக்குப் போதாது.

1995 முதல் சங்கத்தின் தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை விடியற்காலையில் ஆற்றுக்குப் போகிறார்கள். சுமார் 129 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் சீசாவில் நீர் மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சோதனைக்கூடம் முக்கியமாகத் தேடுவது ஈ.கோலை பாக்டீரியாவை. இதில் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் இது மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. நீரில் அது நிறைய இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் வந்த வழியில் நோய்க்கிருமிகளும் வந்திருக்கலாம். கிருமி ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி மாளாது என்பதால் இந்த ஒன்றைச் சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். பல மாதிரிகளின் சராசரி 100 மில்லிலிட்டருக்கு 126க்குள் இருந்தால் நீந்தலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவு. 100 மில்லிலிட்டர் என்பது ஒரு சிறிய காபி டம்ளர் கொள்ளும் நீர்.

1995இல் ஆற்றின் கீழ்ப்பகுதி படகு விடத் தகுந்ததாக இருந்தது 39 விழுக்காடு நேரமே. நீந்தத் தகுந்ததாக இருந்தது 19 விழுக்காடு நேரமே. முகமை அந்த ஆற்றுக்கு ‘டி’ கிரேடு போட்டது. பள்ளிப் பிள்ளைக்குத் தருவதுபோல ஆற்றுக்கும் ஆண்டுதோறும் மதிப்பெண் அட்டை. இதை நான் மிக நல்ல யோசனை என்பேன். பாக்டீரியா எண்ணிக்கையைக் கேட்டுக் கோபப்படாதவர்கூட, நம் ஆறு ‘டி’ வாங்கியது என்றால் கோபப்படுவார்.

அழுக்கு வந்தது இரண்டு வழிகளில். பாஸ்டன் போன்ற பழைய நகரங்களில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். பெருமழையில் அது நிரம்பி ஆற்றுக்குள் வழியும். 1988இல் இப்படி வழிந்தது ஆண்டுக்கு சுமார் 170 கோடி கேலன். நீதிமன்ற வழக்கும், பெருஞ்செலவில் போட்ட புதிய குழாய்களும் அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிட்டன.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. எப்போதோ யாரோ ஒரு வீட்டின் கழிப்பறைக் குழாயைத் தெரியாமல் மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பார்கள். எந்த வரைபடத்திலும் அது இருக்காது. சீசா நீர்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஓரிடத்தில் மாதாமாதம் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அதற்கு மேலே உள்ள வடிகால்களைப் பார்க்க வேண்டும். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடுமானால் அங்கே சந்தேகம் வலுக்கிறது. அந்த நீரில் அமோனியா உண்டா, சோப்பு உண்டா, காஃபீன் உண்டா என்று பார்ப்பார்கள். காஃபீன் இருந்தால் அது வாத்தின் எச்சமல்ல. காபி குடித்த மனிதருடையது. பிறகு வீடு வீடாகக் கழிப்பறையில் சாயம் ஊற்றி, தெருவில் எந்த மேன்ஹோலில் நிறம் தெரிகிறது என்று காத்திருப்பார்கள். பணம் அரசுடையது, உத்தரவு நீதிமன்றத்துடையது. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியதில், விடியலில் எழுந்து ஆற்றுக்குப் போனவர்களின் பங்கு பெரிது.

சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. ஈ.கோலை வளர்ந்து எண்ணத் தகுந்த அளவுக்கு வர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். இன்று கிடைக்கும் முடிவு நேற்றைய ஆற்றைப் பற்றியது. அதனால் சங்கத்தினர், பெய்த மழையையும் பல ஆண்டு அளவீடுகளையும் வைத்து இன்றைய நிலையைக் கணிக்கிறார்கள். கோடையில் படகுத் துறைகளில் நீலக் கொடி பறந்தால் போகலாம். சிவப்புக் கொடி என்றால் கூடாது. மழை பெய்தால் சாலை எண்ணெயும் நாயின் கழிவும் உரமும் அடித்துவரப்படும் என்பதால் சிவப்பு ஏறிவிடும்.

உரத்திலும் உதிர்ந்த இலைகளிலும் உள்ள பாஸ்பரஸ் இன்னொரு தொல்லை. 1910இல் கட்டிய அணை, கடல் ஏறி இறங்கிய கழிமுகத்தைத் தேங்கிய நன்னீராக மாற்றியது. வெயிலில் காயும் அந்த நீரில் பாஸ்பரஸ் சேர்ந்தால் நச்சு தரக்கூடிய நீலப்பச்சைப் பாசி பெருகும். இதற்கு ஒரு குழாயை அடைத்தால் போதாது. ஒவ்வொரு புல்வெளியும் ஒவ்வொரு வாகன நிறுத்தமும் காரணம். எனக்குத் தெரிந்தவரை இதுதான் இன்று அந்த ஆற்றின் கடினமான கணக்கு.

2013 ஜூலையில், ஐம்பதாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு, பொதுமக்கள் குளித்து மகிழ அனுமதி பெற்று ஒரு நாளை ஏற்பாடு செய்தார்கள். மக்கள் மிதவைத் துறையிலிருந்து ஆழமான நீரில் குதித்தார்கள். கரையிலிருந்து நடந்து இறங்கவில்லை. பழைய ஆலைகள் விட்டுப்போன நஞ்சு இன்னும் அடிச்சேற்றில் கிடக்கிறது. கால் அதில் படக் கூடாது.

உங்கள் ஊர் ஏரிக்கோ ஆற்றுக்கோ வரும் மழைநீர் வடிகாலின் வாயை, மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். நீர் ஓடிக்கொண்டிருந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.