குருதி அகார்

குருதி அகார் என்பது, அகார் ஊடகத்துடன் ஏறத்தாழ 5 விழுக்காடு விலங்குக் குருதியைச் சேர்த்து உருவாக்கப்படும் நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் ஆகும். இது இரத்த அகார் எனவும் அழைக்கப்படுகிறது. எளிதில் வளராத பாக்டீரியாக்களுக்கு ஊட்டமளிப்பதோடு, அவை செங்குருதியணுக்களைச் சிதைக்கும் விதத்தைக் கொண்டு அவற்றை வேறுபடுத்தி அறியவும் இது பயன்படுகிறது. ஒரே பாக்டீரியா வெவ்வேறு உயிரினங்களின் குருதியில் வெவ்வேறு தோற்றம் தரக்கூடும். ஆகவே, தட்டில் உள்ளது எதன் குருதி என்பது ஆய்வு முடிவையே மாற்ற வல்லது.

வரலாறு

1903 இல் செருமானிய மருத்துவர் ஹியூகோ ஷாட்முல்லர், குருதி கலந்த ஊடகத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளைப் பிரித்தறியலாம் எனக் காட்டினார். 1919 இல் அமெரிக்கரான ஜே. எச். பிரவுன், குருதிச்சிதைவை ஆல்ஃபா, பீட்டா, காமா என வகைப்படுத்தினார். 1933 இல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு, பீட்டா வகையினவற்றை ஊநீர்ச் சோதனை மூலம் ஏ, பி முதலிய குழுக்களாகப் பிரித்தார்.

தயாரிப்பு

அடிப்படை ஊடகம் 121 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 நிமிடம் நுண்ணுயிர் நீக்கம் செய்யப்படுகிறது. அது 45 முதல் 50 பாகைக்குக் குளிர்ந்தபின் குருதி சேர்க்கப்பட்டு, பெட்ரித் தட்டுகளில் ஊற்றப்படுகிறது. சூடு மிகுந்தால் அணுக்கள் உடைந்து ஊடகம் பழுப்பு நிறமாகும். வேண்டுமென்றே அவ்வாறு சூடாக்கிப் பெறுவது சாக்லேட் அகார் எனப்படும். குருதி உறையாதிருக்க, கண்ணாடி மணிகளுடன் குலுக்கி ஃபைப்ரின் எனும் நார்ப்பொருள் நீக்கப்படுகிறது.

குருதிச்சிதைவு வகைகள்

* ஆல்ஃபா: குடியிருப்பைச் சுற்றிப் பச்சை நிறம் தோன்றும். பாக்டீரியா வெளியிடும் ஐதரசன் பெராக்சைடு ஈமோகுளோபினை மாற்றுவதே காரணம். எ.கா: நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே.
* பீட்டா: அணுக்கள் முழுதும் சிதைந்து தெளிந்த வளையம் தோன்றும். எ.கா: தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ்.
* காமா: மாற்றம் எதுவும் தோன்றாது.

குருதிச்சிதைவு முதல் அடையாளம் மட்டுமே. ஆல்ஃபா வகைக்கு ஆப்டோச்சின், பீட்டா வகைக்குப் பாசிட்ராசின் ஆகிய வில்லைச் சோதனைகளும், தேவைப்படின் குழுச் சோதனையும் தொடர்ந்து செய்யப்படும்.

எதன் குருதி?

பொதுவாகச் செம்மறியாட்டுக் குருதியே பரிந்துரைக்கப்படுகிறது. வளரும் நாடுகளின் பல ஆய்வகங்களில், அது கிடைக்காதபோது குருதி வங்கிகளில் காலாவதியான மனிதக் குருதி பயன்படுத்தப்படுவதுண்டு. இதில் மூன்று குறைகள் உள்ளன. கொடையாளரின் எதிர்ப்பொருள்களோ அவர் உட்கொண்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகளோ பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கலாம். தட்டைக் கையாள்வோருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பும் உண்டு. மேலும், ஹீமோஃபிலஸ் ஹீமோலிட்டிக்கஸ் எனும் தொண்டைவாழ் பாக்டீரியா மனிதக் குருதியில் பீட்டா வளையம் உண்டாக்கி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் போலத் தோன்றக்கூடும். செம்மறியாட்டுக் குருதியில் அது வளர்வதில்லை.

இத்தவறு நோயாளியைப் பாதிக்கும். தொண்டைத் தொற்று உரிய காலத்தில் கண்டறியப்படாவிடின், சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் ஏற்பட்டு இதய அடைப்பிதழ்கள் கெடலாம். இல்லாத தொற்றை உண்டெனக் கொண்டால், தேவையற்ற மருந்து அளிக்கப்படும்.

2009 இல் வெளியான ஓர் ஆய்வு, கம்பளி தராத உரோம வகைச் செம்மறியாடுகளின் குருதியும் இப்பணிக்கு ஏற்றது எனக் காட்டியது. தமிழகத்தின் மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆகிய இனங்கள் உரோம வகையைச் சேர்ந்தவை.

கடலூர், சிதம்பரம் பகுதி

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1985 இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இது 2021 இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டு, அரசு மருத்துவக் கல்லூரியானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், வெள்ளாற்றுக் கழிமுகத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் அமைந்துள்ளது.

கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற மீன்பிடிக் கரைகளுக்கு இவ்வூடகத்தின் மற்றொரு வடிவமும் தொடர்புடையது. விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்பது கடலோர நீரிலும் கழிமுகங்களிலும் வாழும் பாக்டீரியா ஆகும். சரியாக வேகாத மீன், இறால், நண்டு வழியே இது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். 1950 இல் சப்பானின் ஒசாக்காவில் இதனால் 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தனர். இதன் ஓ3:கே6 எனும் வகை 1996 இல் கொல்கத்தாவில் பெருகி, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

கடலுணவில் காணப்படும் இப்பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. நோய் தருபவற்றை இனங்காண வகட்சுமா அகார் எனும் உப்பு மிகுந்த குருதி ஊடகம் உருவாக்கப்பட்டது. நோயாளிகளிடமிருந்து பெறப்படும் பெரும்பாலான வகைகள் அதில் பீட்டா வளையம் தருகின்றன. இது கனகாவா விளைவு எனப்படும். இங்கு மனிதக் குருதியோ முயல் குருதியோ பயன்படுத்தப்பட வேண்டும். குதிரைக் குருதியில் வளையம் தோன்றாது. தட்டை 24 மணி நேரத்திற்குள் பார்த்துவிடுதல் வேண்டும். தொண்டைச் சோதனையில் தவிர்க்கப்படும் மனிதக் குருதி, இச்சோதனைக்கு ஏற்றதாகிறது. எனவே, ஆய்வு முடிவுடன் பயன்படுத்திய குருதியின் வகையையும் குறிப்பிடுவது இன்றியமையாதது.