பழைய விரிப்பும் குளியலறைத் தரையும்

நைந்துபோன தரைவிரிப்பை எறிந்துவிட எண்ணுகிறோம். அதன் நல்ல பகுதி குளியலறை வாசலுக்கு அழகும் காவலுமாகும். இது சிறு விடயமல்ல. கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் தெரிவித்தது. அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே அதிகம்.

முதலில் விரிப்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். பருத்தியும் சணலும் ஈரத்தில் கிடந்தால் விரைவில் உக்கிவிடும். தென்னந்தும்பில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. ஆகவே அது உக்க நாட்செல்லும். நைலோன் உக்காது. ஆயினும் எந்த விரிப்பும் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நல்ல பகுதியை அளவாக வெட்டுவோம். நூல் பிரியாதிருக்க, ஓரத்தில் பழைய சேலைத்துணியை மடித்துத் தைப்போம். சவர்க்காரமிட்டுக் கழுவி, இரு புறமும் வெயிலில் காயவிடுவோம். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாக்களாக வெட்டி, இடைவெளி விட்டு அடியில் தைத்தால், சீமெந்துத் தரையில் விரிப்பு நகராது, காற்றும் புகும்.

தரையில் பாசி இருந்தால் விரிப்பால் மறைக்கலாகாது. முதலில் தும்புத்தடியால் நன்றாக உரஞ்சிக் கழுவவேண்டும். தரை காய்ந்தபின் விரிப்பை வாசலில் போடுவோம். எல்லோரும் குளித்து முடிந்ததும் அதைக் கொடியில் தொங்கவிடுவோம். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றது உதவும்.

ஓரம் சுருண்ட விரிப்பை உடனே அகற்றுவோம். அம்மம்மாவைக் காக்கப் போட்ட விரிப்பே அவரைத் தடக்கி விழுத்திவிடக்கூடாது.