தாளுக்காகப் பிறந்த படம்

நெகட்டிவ் என்று நாம் வழங்கும் எதிர்மறைப்படம், மனிதர் பார்த்து மகிழ்வதற்கென்று ஆக்கப்பட்டதன்று. அதைப் பார்க்க வேண்டியது இருட்டறையில் விரித்த ஒளியுணர் தாள். அத்தாளுக்கு எந்த நிறம் எவ்வளவு புலப்படும் என்று கணக்கிட்டே வேதியியலார் சுருளின் சாயங்களைத் தேர்ந்தனர். இருட்டறைகள் அருகிவிட்ட இந்நாளில், பழைய சுருள்களை ஒளிப்பலகைமேல் கிடத்தி எண்முறை ஒளிப்படக் கருவியால் மறுபடம் எடுக்கிறோம். தாள் இருந்த இடத்தில், மனிதக் கண்ணைப் போலக் காணப் பழக்கிய ஒளியுணரி வந்து அமர்கிறது. இப்பணியின் இடர்கள் பெரும்பாலும் இந்த ஆள்மாற்றத்தில் பிறப்பவையே.

அளவில் சிக்கல் இல்லை. 35 மி.மீ. சுருளின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ.; முழுச்சட்ட ஒளியுணரியும் ஏறத்தாழ அவ்வளவே. பொருளும் உருவும் ஒரே அளவாக அமையும்படி அண்மைவில்லையால் எடுத்தால், 6000க்கு 4000 படப்புள்ளிகள் கொண்ட கருவி மில்லிமீட்டருக்கு 167 புள்ளிகள் வரை பதியும். அந்நாளைய எளிய கருவியும் நடுங்கிய கையும் விட்டுவைத்த நுணுக்கத்திற்கு இது போதும். பல படங்களில் மிஞ்சவும் செய்யும். ஆனால் இத்துணை அண்மையில் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுருளும் ஒளியுணரியும் இணையாக இல்லையேல் ஒரு மூலை மங்கிவிடும். சுருள் இருக்குமிடத்தில் ஒரு சிறு கண்ணாடியைக் கிடத்துங்கள். வில்லையின் எதிருரு திரையின் நட்டநடுவில் தெரிந்தால் இரண்டும் இணை. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான அளவைக்கருவி இல்லை.

இனி வண்ணச் சுருளின் செம்மஞ்சள் சாயல். வண்ண எதிர்மறைப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர்கள் அதைப் பழுது என்றே எண்ணியிருப்பர். அது திட்டமிட்டு இட்ட நிறம். மெஜந்தாச் சாயம் பச்சை ஒளியை மட்டுமே உறிஞ்ச வேண்டும். ஆனால் நீலத்திலும் சிறிது உறிஞ்சிவிடுகிறது. சயான் சாயமும் அவ்வாறே தனக்குரிய சிவப்போடு நில்லாமல் பச்சையிலும் கைவைக்கிறது. தூய சாயம் கிட்டாத நிலையில், 1940களில் கோடாக் ஆய்வகத்தின் வெஸ்லி ஹான்சன் ஒரு வழி கண்டார். மெஜந்தாவைத் தோற்றுவிக்கும் மூலச்சேர்மத்தையே மஞ்சள் நிறமுடையதாக ஆக்கினார். மெஜந்தா தோன்றும் இடமெங்கும் அம்மஞ்சள் செலவாகி மறையும். தோன்றாத இடத்தில் எஞ்சி நிற்கும். எனவே நீல ஒளியின் வேண்டாத இழப்பு, படத்தின் எப்பகுதியிலும் ஒரே அளவாகிவிடுகிறது. சயானுக்குச் செந்நிற மூலச்சேர்மம். இவ்விரண்டின் எச்சமும் கலந்ததே நாம் காணும் செம்மஞ்சள். எங்கும் சமமாகப் பரவிய குறையை, அச்சிடுபவர் விளக்கின் நிறத்தை மாற்றியே கழித்துவிடுவார்.

ஆகவே கணினியில் வண்ணங்களைத் தலைகீழாக்கினால் மட்டும் போதாது. சுருளின் வெற்று விளிம்பைச் சான்றாகக் கொண்டு, மூன்று வண்ணத் தடங்களையும் தனித்தனியே சமன்செய்தாக வேண்டும். அதன் பின்னும் முகங்களின் நிறம் பிறழ்வதுண்டு. சயான் சாயம் மிகுதியாக உறிஞ்சுவது 700 நானோமீட்டரை ஒட்டி. தாளின் சிவப்பு உணர்வும் அங்கேயே உச்சம் கொள்ளும். கருவியின் சிவப்பு உணர்வோ 600ஐ ஒட்டியது. அங்கே மெஜந்தாச் சாயத்தின் உறிஞ்சலும் சிறிது வந்து கலக்கும். வெள்ளை விளக்கை விலக்கி, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குறுகிய அலைநீளப்பட்டை ஒளிகளை ஏற்றினால், கருவியும் ஓரளவு தாளைப் போலப் பார்க்கத் தொடங்கும். விலைமிக்க மென்பொருளைத் தேடுமுன் விளக்கை மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை என்பேன்.

ஸ்லைடு எனும் நேர்மறைப்படம் கண்ணுக்கென்றே பிறந்தது. அதற்கு நல்ல வெள்ளை விளக்கே தகும். அதன் தொல்லை கருமையில். அடர்ந்த நிழல்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியையும் விடமாட்டா. ஒளியூட்டத்தை மாற்றி மாற்றி எடுத்து இணைக்க நேரும். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நன்கு பரவிய ஒளி வேண்டும். நேர்க்கற்றையில் கீறல்கள் அனைத்தும் துலங்கிவிடும்.

எதை முதலில் எடுப்பது என்பதை மூக்கே சொல்லும். செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆன சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அவ்வமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அச்சுருளை ஏனையவற்றிலிருந்து பிரித்து வைத்து, அது சுருங்கி வளைவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.