சோழர் தலைநகர்களும் மாணாக்கர் சுற்றுலாவும்

கல்லூரி வகுப்பொன்று கடல் கடந்து பழம்பெரு நகரங்களைக் காணப் புறப்படும்போது முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் ஊர்களின் பட்டியலே. மதுரை, இராமேசுவரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சிதம்பரம், காஞ்சிபுரம், மாமல்லபுரம், சென்னை என அது நீளும். அத்தனையையும் பத்து நாள்களுள் அடக்குதற்பொருட்டு வண்டி இரவும் பகலும் ஓடும். திரும்பி வந்த மாணாக்கர் கோபுரங்கள் பல கண்டோம் என்பர். எக்கோபுரம் எவ்வூரினது என்று வினவினால் விடையிறுக்க இடர்ப்படுவர். இஃது அவர்தம் குற்றமன்று, திட்டத்தின் குற்றம். ஊர்களைக் கொண்டு தொடங்கும் திட்டம் ஊர்களோடு முடிந்துவிடும். வினாவைக் கொண்டு தொடங்கும் திட்டமே கல்வியாக முடியும்.

ஈழநாட்டு இந்துக் கல்லூரி ஒன்றின் உயர்வகுப்புக்கு ஏற்ற வினாவைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கி. பி. 993 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படை அநுராதபுர அரசை வீழ்த்தியது. 1017 இல் முதலாம் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டு சென்றது. பன்னீராண்டின் பின்னர் அம்மன்னன் அங்கேயே இறந்தான். 1070 இல் முதலாம் விசயபாகு சோழரை அகற்றும்வரை பொலநறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழரின் ஈழத்துத் தலைநகராய் விளங்கிற்று. இவ்வரலாறு கடலின் இக்கரையில் ஒருவாறும் அக்கரையில் வேறொருவாறும் எழுதப்பட்டுள்ளது. சூளவமிசம் சோழப்படை விகாரைகளைச் சூறையாடியதைக் கூறி இரங்குகின்றது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டோ ஈழத்து ஊர்கள் சிலவற்றை இறைவனுக்குரிய நிவந்தமாக அமைதியுடன் எண்ணி உரைக்கின்றது. ஒரே நிகழ்ச்சியை இரு கரைகளிலும் நின்று காணுதல் யாங்ஙனம் என்பதே சுற்றுலாவின் வினாவாகலாம்.

அவ்வாறாயின் கடல் கடக்குமுன் காணவேண்டிய நகரம் பொலநறுவையேயாம். அங்கே இரண்டாம் சிவதேவாலயம் எனத் தொல்பொருட்டுறையினர் வழங்கும் கற்றளி, இராசராசனின் தேவியாகிய வானவன்மாதேவியின் பெயரால் வானவன்மாதேவீச்சரம் எனப்பட்டது. அந்நகரிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலையிற் போற்றப்படுகின்றன; அவற்றின் தத்துவத்தைப் பொன்னம்பலம் அருணாசலம் ஆராய்ந்து எழுதியுள்ளார். திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரையையும் மாணாக்கர் தவறாது காணவேண்டும். இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் வழங்கிய கொடைகளைச் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. சூறையாடலும் நிகழ்ந்தது, கொடையும் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொண்ட மாணாக்கனே அக்கரையின் பெருங்கோயில்முன் நின்று தக்கவாறு வினவ வல்லவனாவான்.

பொலநறுவையில் ஒரு பயிற்சியையும் செய்யலாம். நேராக நட்ட கோல் ஒன்றின் உயரத்துக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதத்தைக் காண்க. அதே வேளையிற் கோயிலின் நடுவிலிருந்து விமானத்தின் நிழல்நுனி வரையுள்ள தூரத்தை அளந்து, விகிதத்தினாற் பெருக்கினால் விமானத்தின் உயரம் கிடைக்கும். கயிறும் கோலும் குறிப்பேடுமே இதற்குப் போதும். இச்சிறு கணிதத்தின் பயன் தஞ்சையிலே விளங்கும்.

இனி அக்கரையிற் செல்லவேண்டிய நகரங்கள் எவை? வினா தெளிவாயிருப்பின் தெரிவு எளிதாகும். தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், சிதம்பரம் ஆகிய நான்கும் காவிரி கொள்ளிட நாட்டில் ஒன்றற்கொன்று சில மணி நேரப் பயணத்துள் அமைந்தவை. முதல் மூன்று ஊர்களின் சோழர் கோயில்களும் உலக மரபுரிமைச் சின்னங்களாம். தஞ்சைக் கோயில் 1987 இலும் ஏனைய இரண்டும் 2004 இலும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. மதுரையும் காஞ்சியும் மாமல்லபுரமும் சிறப்பிற் குறைந்தவையல்ல. எனினும் அவை வேறு வினாக்களுக்கு விடை தரும் நகரங்கள். வேறொரு வகுப்புக்கு வேறோர் ஆண்டில் உரியவை. விடுவதற்குத் துணிவில்லாத ஆசிரியர் எதனையும் முழுமையாகக் காட்டுதல் அரிது.

தஞ்சாவூருக்கு இரண்டு நாள் வேண்டும். 1010 இல் நிறைவெய்திய இராசராசேச்சரத்தின் விமானம் ஏறத்தாழ 60 மீற்றர் உயரமுடையது. அதன் நிழல் நிலத்தில் விழாது என்னும் கதையை அங்குச் செல்வோர் யாவரும் கேட்பர். பொலநறுவையில் நிழலை அளந்த மாணாக்கர் உடனே நிலத்தை நோக்குவர். காலையிலும் மாலையிலும் நிழல் முற்றத்தில் நெடிது கிடக்கும். நண்பகலிற் கதிரவன் உச்சியை அணுகும் மாதங்களில், மேலே செல்லச் செல்லக் குறுகும் விமானத்தின் உச்சிநிழல் அதன் அகன்ற அடித்தளத்தின்மேலேயே தங்கிவிடும். கதை எழுந்த காரணத்தையும் அதன் பிழையையும் மாணாக்கர் தாமே கண்டறிவர். பிறர் சொல்வதைச் சோதித்தறியும் இப்பழக்கமே வரலாற்றுக் கல்வியின் முதற்படி.

அடுத்து அதிட்டானத்துக் கல்வெட்டுக்களைப் பார்க்கவேண்டும். அரசனும் தமக்கை குந்தவையும் ஈந்த பொற்கலங்களும் திருமேனிகளும் மட்டுமன்றி, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர், ஊர், அவர்தம் வீடு நின்ற தெரு ஆகியனவும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பேரரசின் வரலாறு எளியோரின் பெயர்களையும் தாங்கி நிற்பது காண்டற்கு அரியதொரு காட்சி. கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றிலே நாயக்கர்கால ஓவியங்களின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவ்விடத்துக்குப் பொதுமக்கள் செல்லப் பொதுவாக இசைவு இல்லையாதலின் அவ்வோவியங்களின் படங்களைப் பயணத்துக்கு முன்னரே வகுப்பிற் காட்டிவிடுதல் நன்று. இரண்டாம் நாள் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளுக்கும் சரசுவதிமகால் நூல்நிலையத்துக்கும் உரியதாகுக. கொழும்பிற் கண்ட பொலநறுவைத் திருமேனிகளோடு இவற்றை ஒப்பிடுவது மாணாக்கர்க்குத் தக்க பணியாகும்.

தாராசுரத்துக்கு அரைநாள் போதும். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த அக்கோயிலிலே நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக, பெயர் பொறிக்கப்பெற்று நிற்கின்றன. பெரிய புராணத்தைப் பாடமாகக் கற்போர் அதனைக் கல்லிலே படிக்கலாம்.

கங்கைகொண்டசோழபுரமே இச்சுற்றுலாவின் உயிர்நிலை எனலாம். இராசேந்திரன் கங்கைவரை சென்ற வெற்றியின் நினைவாக அமைத்த இந்நகரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு தலைநகராய் விளங்கியது. இன்று அங்கே கோயில் நிற்கின்றது, நகரம் இல்லை. மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்களே அரண்மனையின் எச்சம். 1836 இற் கொள்ளிடத்தில் அணைகட்டுவதற்குக் கோயிலின் மதிற்கற்களும் பெயர்க்கப்பட்டன. ஈழத்து மன்னனைச் சிறைகொண்ட பேரரசின் மாளிகை வயல்களின் நடுவே மேடாய்க் கிடப்பதையும், அநுராதபுரத்தின் இடிபாடுகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் இளைஞன் வெற்றிச் செருக்கையும் தோல்விக் கசப்பையும் ஒருங்கே கடந்து நிற்பான். இனப்பகையால் நெடுநாள் நொந்த நாட்டின் மாணாக்கர்க்கு இவ்வொரு பாடத்தின்பொருட்டேனும் கடல் கடத்தல் தகும். ஈற்றிற் சிதம்பரத்திலே கூத்தப்பிரானை வழிபட்டு, ஆறுமுகநாவலர் 1864 இல் அங்கு நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் கண்டு மீளலாம். கடலின் இக்கரையினின்று படையன்றிக் கல்வி சென்றதற்கு அஃதொரு சான்று.

இனிச் செயல்முறை பற்றிச் சில கூறவேண்டும். முன்னாளிற் பயணம் எளிதாயிருந்தது. 1914 முதல் புகைவண்டியையும் கப்பலையும் இணைத்து, தலைமன்னார் தனுக்கோடி வழியாகப் பயணச்சீட்டு ஒன்றினாலேயே சென்னை செல்லலாம். 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுக்கோடியை அழித்ததோடு அவ்வழி ஒழிந்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் பயணிகள் கப்பல் தொடங்கி, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களிற் கடல் கொந்தளிக்குமாதலின் கப்பலை மட்டும் நம்பித் திட்டமிடுதல் ஆகாது. திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ வானூர்தி வழியையும் முன்னரே ஆராய்ந்து வைத்தல் வேண்டும். ஏப்பிரல் விடுமுறையில் வெயில் கடுமை, டிசம்பரில் மழை. ஆதலின் ஓகஸ்ட் விடுமுறையே ஒருவாறு ஏற்றது. கடவுச்சீட்டு, இந்திய நுழைவிசைவு, பெற்றோரின் எழுத்து மூலமான உடன்பாடு ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு முன்னரே தேடத் தொடங்குதல் நன்று. பத்து மாணாக்கர்க்கு ஓர் ஆசிரியரேனும் உடன்செல்க. கோயில்கள் பலவற்றில் நண்பகலிற் கருவறை அடைக்கப்படுமாதலின் காலைப்பொழுதைக் கோயிலுக்கும், உச்சிப்பொழுதை உணவு, ஓய்வு, நூதனசாலை ஆகியவற்றுக்கும், மாலையைக் குறிப்பெழுதுதற்கும் வகுத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் அரியது பணம். வகுப்பிலுள்ள முப்பதின்மரிற் பதினைவர் செல்ல, எஞ்சியோர் வீட்டிலிருந்து கதை கேட்பராயின் அது வகுப்பின் சுற்றுலாவன்று, வசதியுடையோரின் உலாவாம். ஓராண்டுக்கு முன்னரே பொதுச் சேமிப்பைத் தொடங்கி மாதந்தோறும் சிறுதொகை சேர்த்தல் ஒரு வழி. கொடுக்க இயலாதவனின் பங்கைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம்; ஆயின் அவன் யாவன் என்பது அதிபரும் வகுப்பாசிரியருமன்றிப் பிறர் அறியலாகாது. அங்ஙனமும் தொகை போதாதெனின் நாள்களைக் குறைக்க, ஊர்களைக் குறைக்க, ஆளைக் குறைக்கற்க. கடல் கடக்க இயலாத ஆண்டில் வகுப்பு முழுவதும் பொலநறுவைக்கும் வெல்கம் விகாரைக்கும் செல்லுதல் பாதிப்பேர் தஞ்சை செல்வதினும் மேலானது.

சுற்றுலா வீடு திரும்பும் நாளோடு முடிவதில்லை. ஒவ்வொருவரும் தாம் அளந்ததையும் படியெடுத்ததையும் ஐயுற்றதையும் ஒழுங்குபடுத்தி எழுதவேண்டும். அவ்வேடுகள் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்குமாயின் அடுத்து வரும் வகுப்பு அவற்றிலிருந்தே தன் வினாவைத் தொடங்கும். சென்றோர் கண்ட பிழைகளைப் பின்வருவோர் திருத்துவர். விடுபட்டதை அவர் காண்பர். இங்ஙனம் ஒரு வகுப்பின் பத்து நாட் பயணம் கல்லூரியின் நீண்ட கல்வியாக வளரும்.