பாஸ்வேர்டு யார் கையில்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சின்ன ஊர்களில் பிரவுசிங் சென்டர்தான் பொறியியல் கவுன்சலிங் நடக்கும் இடம். விண்ணப்பம் போடுவது, சான்றிதழ்களை ஏற்றுவது, கடைசியில் சாய்ஸ் கொடுப்பது எல்லாம் அங்கேதான். யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கடைக்காரரின் நோட்டில் இருக்கும். பிள்ளை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

2017 வரை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கே குடும்பத்தோடு போய், காலியிடங்களைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. அலைச்சலும் செலவும் குறைந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று 200-க்குப் போடும் கட்-ஆஃப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாய்ஸ் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். நம் ரேங்க்கின் முறை வரும்போது முதல் வரியிலிருந்து இறங்கிவந்து, எது காலியோ அதை ஒதுக்குவார்கள். எட்டாத கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பது கைவிட்டுப் போகும் என்பது வீண் பயம். அந்தப் பயத்தில் சுமாரான கல்லூரியை முதல் வரியில் போட்டால் அதுதான் கிடைக்கும். அப்புறம், பட்டியலில் அதற்கு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கும் ‘அப்வர்ட்’ கொடுக்கவும் வழியில்லை, மேலே வேறு சாய்ஸே இருக்காதே!

இன்னொரு சிக்கல்: அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு சுயநிதியாகவும் தனி வரியில் இருக்கும். கட்டணம் வேறு. அவசரத்தில் தட்டுபவர் இதையெல்லாம் பார்ப்பாரா?

எனக்குப் பெரிய கவலை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித்தான். 2021 முதல் அவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கட்டணம் தவறாமல் வந்துவிடும் என்பதாலேயே, கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களின் கண் இவர்கள்மேல் விழுகிறது. “நீ கவலைப்படாதே தம்பி, நான் போட்டுவிடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே படிக்க வேண்டிய பிள்ளை ஆசிரியர்கூட இல்லாத கல்லூரிக்குப் போய்விடலாம்.

கடைக்காரர்களில் நல்லவர்கள் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள். அதற்காக, நான்கு வருடப் படிப்பை அடுத்தவரின் நல்ல மனசை நம்பியா விடுவது?

பிளஸ் டூ ஆசிரியர்களே, ஒரு பிற்பகலை ஒதுக்கி, பள்ளிக் கணினியில் ஒரு மாதிரிப் பட்டியல் போட்டுக் காட்டுங்கள். பெற்றோர்களே, மாவட்டந்தோறும் கவுன்சலிங் உதவி மையங்கள் உள்ளன. அங்கே பணம் வாங்குவதில்லை. பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். கெடு முடியும்வரை சாய்ஸ் வரிசையை மாற்றலாம். கெடு முடிவதற்குள் உங்கள் பிள்ளையை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.