சமையலறைச் சுவர் அலுமாரி: எந்த உயரம், எந்தச் சுவர்?

சமையலறைச் சுவரில் மாட்டும் அலுமாரியின் உயரத்தை இரண்டு அளவுகளிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று, அந்த வீட்டில் அன்றாடம் சமைப்பவரின் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. மற்றது, மேடைக்கு முன்னால் நின்று அவர் கையை உயர்த்தினால் எதுவரை எட்டுகிறது என்பது. கூரை எவ்வளவு உயரம், கடையில் என்ன அளவுப் பெட்டி கிடைக்கிறது, டைல் வரிசை எங்கே முடிகிறது என்பவை அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. ஆனால் வீடு கட்டும் அவசரத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். பென்ட்ரி கபட் செய்யும் இடத்தில் ஒரு வழக்கமான அளவு இருக்கும். வேலைக்கு வரும் பாஸ் தன் உயரத்துக்குக் கோடு போடுவார். டைலை வெட்டாமல் முடிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கோடு இன்னும் இரண்டு அங்குலம் மேலே போகும். வீடு குடிபுகுந்த பிறகு, மேல் தட்டிலிருந்து எதை எடுப்பதென்றாலும் அந்த வீட்டுப் பெண் ஸ்டூலைத் தேட வேண்டியிருக்கும்.

அந்த வழக்கமான அளவு மேற்கு நாடுகளிலிருந்து வந்தது. 1926இல் ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சிறிய சமையலறையை வரைந்தார். 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அந்த அறையில் மேடை, அதன் மேல் சுவர் அலுமாரி, கைக்கெட்டும் தூரத்தில் பொருட்கள் என எல்லாம் கணக்கிட்டு வைக்கப்பட்டன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் அதே காலத்தில் பொறியியலாளர் லிலியன் கில்பிரெத், மேடையின் உயரம் வேலை செய்பவரின் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் தொழிற்சாலைகள் அலுமாரிகளை மொத்தமாகச் செய்யத் தொடங்கியபோது, அந்த அறிவுரை நழுவி ஒரே அளவு நிலைத்துவிட்டது. தரையிலிருந்து மேடை 36 அங்குலம், மேடைக்கும் சுவர் அலுமாரியின் அடிப்பகுதிக்கும் இடையே 18 அங்குலம். அதாவது அலுமாரி தொடங்குவது 54 அங்குலத்தில். அந்த மேடை, ஐந்தடி ஐந்து ஆறு அங்குலம் உயரமான ஒருவருக்குத்தான் வசதியாக இருக்கும். இலங்கையின் மலையகத்தில் ஐந்தடியை ஒட்டிய உயரமுள்ள பெண்கள் ஏராளம். அவர்களுடைய சமையலறைக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவருவது நியாயமல்ல.

ஐந்தடி உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து நிற்கும்போது அவரது முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 38 அங்குலத்தில் இருக்கும். காய்கறி வெட்டவும் மா பிசையவும் மேடை முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருப்பது நல்லது. எனவே அவருக்கு 33 அங்குல மேடை பொருந்தும். அதன் மேல் 18 அங்குலம் விட்டால் அலுமாரியின் அடித்தட்டு 51 அங்குலத்தில் வரும். வெறும் சுவரில் அவரது கை ஆறடிக்குக் கொஞ்சம் மேலே வரை எட்டும். ஆனால் இரண்டடி அகலமான மேடை நடுவில் நிற்கும்போது, அவர் முன்னால் சாய்ந்துதான் கையை நீட்ட வேண்டும். எட்டும் உயரம் 66, 68 அங்குலத்துக்குக் குறைந்துவிடும். 51இல் தொடங்கும் அலுமாரியில் பத்து அங்குலத்துக்கு ஒரு தட்டு வைத்தால் 51, 61 ஆகிய இரண்டு தட்டுகளும் தாராளமாகக் கைக்கு வரும். 71இல் உள்ள மூன்றாவது தட்டு எட்டாது. அதே அலுமாரியை 54இல் மாட்டினால் இரண்டாவது தட்டில் முன்வரிசை மட்டுமே கைக்குள் இருக்கும், பின்னால் உள்ளவை வீண். மூன்றே அங்குலத்தில் ஒரு தட்டின் பாதிப் பயன் போய்விடுகிறது.

இந்த 18 அங்குல இடைவெளியையும் குருட்டுத்தனமாகப் பின்பற்ற வேண்டியதில்லை. மேடையில் நிற்கப்போகும் மிக உயரமான பொருளை அளந்தால் போதும். ஜாரோடு நிற்கும் பிளெண்டர் பெரும்பாலும் 16 அங்குலத்துக்குள் அடங்கும். தண்ணீர் வடிகட்டி அதைவிட உயரமாக இருக்கலாம், அதை அலுமாரி இல்லாத மூலையில் வைப்பது எளிது. மேடை விளிம்பில் பூட்டித் திருகும் தேங்காய் துருவி இருந்தால், அதைச் சுற்றுபவரின் தோளும் தலையும் முன்னால் வரும். அந்த இடத்துக்கு மேலே அலுமாரிக் கதவின் கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. சுவர் அலுமாரியின் ஆழம் 12 அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பதும் இதற்காகவே. ஆழம் கூடினால் நெற்றி இடிக்கும், பின்னால் வைத்த போத்தல் மறந்துபோகும்.

எல்லாக் கணக்கையும்விட நம்பகமான ஒரு வழி உண்டு. மேடை போட்டு முடிந்த பின், சுவரில் ஒரு ஆணியும் இறங்குவதற்கு முன், அலுமாரியின் அளவுக்கு ஒட்டிய பழைய பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்ட வேண்டும். சமைப்பவர் அதன் முன் நின்று, நிறைந்த சீனி டின் ஒன்றை இரு கைகளாலும் தூக்கி, தோள் வலிக்காமல் எதுவரை வைக்க முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட வேண்டும். அதுதான் கனமான பொருட்களின் எல்லை. வெறுங்கை எட்டும் இடம் இன்னொரு கோடு. அது தேயிலை, கறித்தூள் போன்ற இலகுவானவற்றின் எல்லை. இரண்டு பேர் சமைக்கும் வீட்டில் குட்டையானவரின் கோட்டையே எடுக்க வேண்டும். உயரமானவர் கொஞ்சம் கீழே பார்த்து எடுத்துவிடலாம். வீட்டில் வயதானவர் சமைத்தால் இன்னும் கவனம் தேவை, தோளுக்கு மேல் கை தூக்குவதே பலருக்கு வேதனை. அவர்களுக்கு அன்றாடப் பொருட்கள் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் வந்துவிட வேண்டும்.

உயரம் முடிவானதும், எந்தச் சுவர் என்ற கேள்வி வருகிறது. கம்பளை போன்ற மலையக ஊரில் இதுதான் கடினமான பகுதி.

முதலில் நெருப்பு. கண்டிப் பகுதியின் பழைய சிங்கள வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே ‘தும் மெஸ்ஸ’ என்ற புகைப்பரண் இருந்தது. கொறக்காவும் மிளகும் இறைச்சியும் அங்கே புகையில் காய்ந்து கெடாமல் இருந்தன. விறகுப் புகைக்காகவே செய்த ஏற்பாடு அது. மெலமைன் பலகையில் செய்த அலுமாரியை அதே இடத்தில் மாட்டினால் பலகை கருகும், எண்ணெய்ப் பிசுக்கு படியும், தீயும் பிடிக்கலாம். எரிவாயு அடுப்பின் பர்னருக்கு மேலே எரியக்கூடிய எந்தப் பொருளும் குறைந்தது 30 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். 33 அங்குல மேடையில் நான்கு அங்குல அடுப்பை வைத்தால் அந்த இடைவெளி 67 அங்குலத்தில்தான் முடிகிறது. அவ்வளவு உயரத்தில், கொதிக்கும் சட்டிக்கு மேலாகக் கையை நீட்டி எடுக்கும்படி ஒரு அலுமாரி தேவையே இல்லை. அடுப்புக்கு மேல் உள்ள சுவரை வெறுமையாக விடுவதே சரி. முடிந்தால் அங்கே புகைபோக்கி வைக்கலாம். 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, எரிவாயுவுக்கு மாறியிருந்த பலர் மீண்டும் விறகடுப்பை மூட்டினார்கள். விறகடுப்பு எப்போதாவது எரியக்கூடிய மூலை எது என்று இப்போதே தீர்மானித்து, அந்த மூலையின் மேல் எதையும் மாட்டாமல் விடுவது பாதுகாப்பு.

அடுத்தது ஈரம். மகாவலிக் கரையில் அமைந்த கம்பளைக்குத் தென்மேற்குப் பருவ மழை பலமாக இறங்குகிறது. ஊரைச் சுற்றி உள்ள வீடுகளில் பல, சரிவை வெட்டிச் சமன்படுத்திய நிலத்தில் நிற்கின்றன. அவற்றில் வீட்டின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கும், சமையலறையும் பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். மண்ணின் ஈரம் அந்தச் சுவரில் கசிந்து, சுண்ணாம்பு உதிர்ந்து, கறுப்புப் பூஞ்சணம் படரும். அங்கே அலுமாரியைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்பலகை முதலில் வீங்கும், பிறகு உள்ளே வைத்த பருப்பிலும் மாவிலும் பூஞ்சண வாடை ஏறும். சுவர் அலுமாரிக்கு வீட்டின் உள்சுவர்தான் ஏற்றது. வேறு வழியில்லாமல் வெளிச்சுவரில் மாட்டுவதானால், முதலில் ஒரு மரச்சட்டத்தைச் சுவரில் பொருத்தி, அதன் மேல் அலுமாரியைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு அங்குலம் காற்று போக இடம் விட வேண்டும். இத்தகைய சுவரில் அலுமினியச் சட்டத்தில் செய்த பென்ட்ரி, பலகையில் செய்ததைவிட நெடுநாள் உழைக்கும். கறையானும் அதைத் தின்னாது.

ஆற்றோரத் தாழ்நிலங்களில் கணக்கு வேறு. மகாவலி பெருகித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் தரை அலுமாரிகள்தான் முதலில் அழிகின்றன. அத்தகைய வீடுகளில் அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றைச் சுவர் அலுமாரிக்கு ஏற்றிவைப்பது, சற்றுச் சிரமமானாலும் செய்ய வேண்டியதே.

கூரையின் சாய்வையும் பார்க்க வேண்டும். சமையலறை பல வீடுகளில் பிரதான வீட்டின் பின்னால் இறக்கிய சாய்ப்பு. அதன் ஒரு பக்கச் சுவர் பத்தடி இருக்கும், மறுபக்கம் ஏழடிக்கும் குறையும். தாழ்ந்த பக்கத்தில் அலுமாரி மாட்டினால் தகரத்தின் சூடும் ஒழுக்கும் அதன் மேல் விழும். அந்தப் பக்கத்தை யன்னலுக்கும் சிங்குக்கும் கொடுத்துவிட்டு, அலுமாரியை உயர்ந்த சுவரில் வைப்பது பொருத்தம். யன்னலை மறைத்து அலுமாரி மாட்டுவது எந்த வீட்டிலும் தவறு. மழைக்கால நடுப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய ஊரில் அது பெருந்தவறு. குரங்குகள் வந்துபோகும் இடமானால் யன்னலருகே கதவில்லாத திறந்த தட்டும் வேண்டாம்.

சுவரின் வலிமை பலரும் நினைத்துப் பார்க்காத விடயம். மூன்றடி அகல அலுமாரியில் பீங்கான் தட்டுகளை அடுக்கினால் அது ஒரு ஆளின் எடையை எட்டிவிடும். செங்கற்சுவரில் நல்ல ரோல் பிளக்கும் நீளமான திருகாணியும் அதைத் தாங்கும். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லில் அதே பிளக் சுழன்று கழன்றுவிடும், அதற்கென உள்ள வேறு வகைப் பிளக் வேண்டும். கொங்கிரீட் ஆணியை மட்டும் நம்பி எந்த அலுமாரியையும் தொங்கவிடக் கூடாது. தோட்டங்களின் பழைய லயன்களில் பல சுவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்பும் கலந்தவை, உதிரும் சாந்தில் திருகாணி பிடிக்காது. அங்கே தரையில் நிற்கும் ஒடுங்கிய உயரமான அலுமாரியே பத்திரம். இந்திய உதவியுடன் மலையகத் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகளின் கதை வேறு. அவற்றில் சமையலறை சிறியது, இடமே சொத்து. சரியாக மாட்டிய ஒரு சுவர் அலுமாரி அங்கே தரையில் இரண்டு பெட்டிகளுக்கான இடத்தை மீட்டுத் தரும்.

மீதி சில சிறு விடயங்கள். ரைஸ் குக்கரை அலுமாரிக்கு அடியில் வைத்துச் சமைத்தால் நீராவி நேராகப் பலகையில் ஏறி அதை உப்பவைக்கும். அதற்கான பிளக் பொயின்ட்டை அலுமாரி முடியும் இடத்துக்கு வெளியே வைக்கச் சொல்ல வேண்டும். பிளக் பொயின்ட்டிலிருந்து மின்கம்பி பெரும்பாலும் நேர் மேலே போகும் என்பதால் அந்தக் கோட்டில் துளையிடக் கூடாது. மேல்நோக்கித் திறக்கும் கதவு பார்வைக்கு அழகு, ஆனால் திறந்ததும் கைப்பிடி குட்டையானவரின் கைக்கு எட்டாமல் போய்விடும்; 15, 18 அங்குல அகலத்தில் பக்கவாட்டில் திறக்கும் கதவே நல்லது. மூன்றடிக்கு மேல் நீளமான தட்டு நடுவில் தொய்யும். அலுமாரியின் உச்சிக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுவது எலிக்கும் கரப்பானுக்கும் இடம் கொடுப்பது. ஒன்று அதை முழுவதும் மூட வேண்டும், அல்லது துடைக்கக் கை போகும் அளவுக்கு விட வேண்டும்.

அலுமாரிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, சமைக்கிறவரை மேடைக்கு முன்னால் நிறுத்தி, அந்த இரண்டு பென்சில் கோடுகளையும் அவர் கையாலேயே போடவையுங்கள். பாஸ் கொண்டுவரும் அளவு எதுவானாலும், அந்தக் கோடுகளுக்கு மேலே போக விடாதீர்கள்.