பனையன்று, சைக்கஸ்!

நம் பினாங்கில் வீட்டு முற்றங்களில் வளரும் சைக்கஸ் செடியை நாம் குட்டிப் பனையென்றே எண்ணிவிடுகிறோம். தோட்டத்துச் செம்பனை பூத்துக் கனி தருவது. சைக்கஸோ பூவாதது, கனியாதது. அதன் விதையைக் கனி மூடுவதில்லை. ஆதலால் தாவரவியலார் அதனைத் திறந்தவிதைத் தாவரங்களுள் சேர்த்தனர்.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் கூம்பு தோன்றும். தமிழகத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என விற்கப்படுவது சைக்கஸ் கூம்பின் செதில்களே, பூவன்று. பவளம் போன்ற வேர்களில் வாழும் நீலப்பசும்பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது.

டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே சைக்கஸின் குலம் தழைத்திருந்தது. இன்றோ காடுகளில் அருகி வருகிறது.

மாணவச் செல்வங்களே! செம்மஞ்சள் விதையைப் பழமென்று எண்ணி உண்ணாதீர்! அதிலுள்ள சைக்கசின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தின்றவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கண்டு மகிழ்வோம், காத்து வளர்ப்போம்.